வாரத்துக்கு எத்தனை மணி நேரம் ஆராய்ச்சி செய்தால் போதும்?

கேள்வி: திருச்சியில் ஒரு கல்லூரியில் நுண்ணுயிரியலில் முழுநேர பிஎச்.டி. செய்கிறேன். இரண்டாம் ஆண்டு. தினமும் மணப்பாறையிலிருந்து பஸ்ஸில் வருகிறேன். காலை 9 மணிக்கு லேபுக்குள் நுழைந்தால் இரவு 8 மணிக்குத்தான் கிளம்புகிறேன். சனிக்கிழமையும் அப்படியே. வாரத்துக்கு 66 மணி ஆகிறது. ஆனாலும் வேலை நகரவில்லை. “நாங்களெல்லாம் ராத்திரியும் லேபில்தான் இருந்தோம்” என்கிறார் சீனியர். வெளிநாட்டில் படிக்கும் தோழியோ 40 மணி போதும் என்கிறாள். யார் சொல்வது சரி?

பதில்: உங்களுக்கு 45 மணி போதும். கூடுதலாக இருக்கும் 21 மணி எங்கே போகிறது என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும்.

நீண்ட நேரம் உழைப்பது உங்கள் லேபில் மட்டும் உள்ள வழக்கம் இல்லை. 2019ல் ‘நேச்சர்’ இதழ் பல நாடுகளைச் சேர்ந்த 6,000க்கும் மேற்பட்ட பிஎச்.டி. மாணவர்களிடம் கேட்டபோது, 76 சதவீதம் பேர் வாரத்துக்கு 41 மணிக்கு மேல் வேலை செய்வதாகச் சொன்னார்கள். அதே கணக்கெடுப்பில் 36 சதவீதம் பேர், படிப்பால் வந்த பதற்றத்துக்கோ மனச்சோர்வுக்கோ உதவி தேடியிருந்தார்கள். இந்த இரண்டு எண்களையும் நான் எப்போதும் சேர்த்தே சொல்வேன்.

அனுபவப்பட்ட விஞ்ஞானிகளுக்காவது ஆராய்ச்சிக்கு நேரம் கிடைக்கிறதா என்றால், அதுவும் இல்லை. அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் உள்ள பாய்சி ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் சுமார் 30 பேராசிரியர்கள் தங்கள் நேரத்தைக் கணக்கெழுதினார்கள். வாரத்துக்குச் சராசரி 61 மணி வேலை. மீட்டிங்குகளுக்கு மட்டும் 17 சதவீதம் போயிருந்தது. வாரநாட்களில் நேரடி ஆய்வுக்குக் கிடைத்ததோ 3 சதவீதம்தான். நம் ஊரிலும் வாரத்துக்கு உதவிப் பேராசிரியருக்கு 16 மணி, பேராசிரியருக்கு 14 மணி நேரடி வகுப்பு என்பது யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதி. அதற்கு மேல் விடைத்தாள், அட்மிஷன், கல்லூரித் தரமதிப்பீட்டுக்கான நாக் ஃபைல் எல்லாம் உண்டு. உங்கள் கைடு மாலை 5 மணிக்கு மேல் லேபுக்கு வருவது பெரும்பாலும் அதனால்தான் இருக்கும். அவருக்கு அதுதான் முதல் ஓய்வு நேரம். அதற்காக நீங்களும் 8 மணி வரை காத்திருக்க ஆரம்பித்துவிடுகிறீர்கள்.

சரி, நேரம் எங்கே கரைகிறது? ஒரே ஒரு நாளை எடுத்துப் பார்க்கலாம். பாக்டீரியாவுக்கு வளர்ச்சி வரைபடம் எடுக்கிறீர்கள். காலையில் மீடியத்தில் இனாக்குலம் (வளர்க்க வேண்டிய பாக்டீரியா) சேர்த்து, 37 டிகிரியில் ஷேக்கரில் வைத்துவிட்டு, அரை மணிக்கு ஒருமுறை எடுத்து அதன் கலங்கலை 600 நானோமீட்டர் ஒளியில் அளக்கிறீர்கள். எட்டு மணி நேரத்துக்கு 17 ரீடிங். ஒரு ரீடிங்குக்கு குவெட்டை (அளவிடும் சின்னக் குப்பியை) துடைத்து, பாக்டீரியா இல்லாத பிளாங்க் வைத்து, எண்ணைக் குறித்து முடிக்க மூன்று நிமிடம். ஆக மொத்தக் கைவேலை 51 நிமிடம். அன்று மாலை நீங்கள் களைத்துப் போய் பஸ் ஏறுவீர்கள், நாள் முழுக்க வேலை செய்த நினைப்போடு. அந்தக் களைப்பு உண்மையானது. ஆனால் ரீடிங்குக்கும் ரீடிங்குக்கும் நடுவில் கிடைத்த 27 நிமிடத் துண்டுகளில் ஒரு பேப்பரைக்கூட உருப்படியாகப் படித்திருக்க முடியாது. போனைப் பார்த்திருப்பீர்கள், ஜூனியருக்கு சொல்யூஷன் போட்டுக் கொடுத்திருப்பீர்கள், கேன்டீனுக்குப் போயிருப்பீர்கள்.

அதனால் இரண்டு வாரத்துக்கு ஒரு சின்ன நோட்டு போடுங்கள். அரை மணிக்கு ஒரு கட்டம். யோசித்தது, படித்தது, எழுதியது, தரவை அலசியது எல்லாவற்றுக்கும் ‘யோ’. பெஞ்சில் கை வேலை செய்தால் ‘கை’. கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ் இறங்கவோ கைடு வரவோ காத்திருந்தால் ‘கா’. பிராக்டிகல் பேட்ச், ஃபைல், பில் மாதிரி மற்ற வேலைகளுக்கு ‘ம’. யாரிடமும் காட்ட வேண்டாம், உண்மையை எழுதினால் போதும். என்னிடம் ஆய்வு செய்த பிள்ளைகளிடம் இதைச் செய்யச் சொன்னபோதெல்லாம், லேபில் அதிக நேரம் இருந்தவர்களுக்குத்தான் ‘யோ’ குறைவாக வந்தது. ஒரு பெண் முதல் வாரக் கணக்கைப் பார்த்துவிட்டு அழுதுவிட்டாள். ‘யோ’ நான்கு மணிகூட இல்லை. சோம்பல் என்று அவளைச் சொல்லவே முடியாது. லேபில் எல்லோருக்கும் எல்லாம் செய்து கொடுத்துக்கொண்டிருந்தவள் அவள்.

என் கணக்கில் 45 மணி இப்படிப் பிரிய வேண்டும்: ‘யோ’ 15, ‘கை’ 20. மீதி பத்துக்குள் ‘கா’வும் ‘ம’வும் அடங்க வேண்டும். ‘யோ’ 15ஐ விடக் கூடினால் நல்லதுதான், ஆனால் ஒரு நாளைக்கு நான்கு மணிக்கு மேல் கூர்மையாக யோசிப்பது பெரும்பாலோருக்கு முடியாது. கணித மேதை புவான்கரே காலையில் இரண்டு மணி, மாலையில் இரண்டு மணி என்றுதான் ஆராய்ச்சிக்கு ஒதுக்கினார். டார்வினும் டவுன் ஹவுஸ் வீட்டில் காலை 8 மணிக்குத் தொடங்கி, நடுவில் இடைவெளி விட்டு, நண்பகலோடு முக்கிய வேலையை முடித்துவிடுவார். அவர்களுக்கு வீட்டு வேலை செய்ய ஆள் இருந்தது, பஸ் பிடிக்க வேண்டியதில்லை என்பதும் உண்மை. அதனால்தான் உங்கள் நேரத்தை இன்னும் கறாராகக் காக்கச் சொல்கிறேன்.

நடைமுறையில் முதல் வேலை, செவ்வாய், வியாழன், சனி காலை 9 முதல் 11.30 வரை லேபுக்குள் போகாமல் நேராக நூலகத்துக்குப் போங்கள். அந்த நேரம் எழுதவும் தரவை அலசவும் மட்டும். காலையில் பெஞ்சைத் தொட்டால் அன்றைய நாள் பெஞ்சுக்கே போய்விடும். அப்புறம், காத்திருப்பு அதிகமுள்ள பரிசோதனைகளை ஒரே நாளில் அடுக்குங்கள். வளர்ச்சி வரைபடம் ஓடும் நாளிலேயே லேபிள் ஒட்டுவது, ரெக்கார்டு எழுதுவது, ரெஃபரன்ஸ் சேர்ப்பது எல்லாம் நடக்கட்டும். அவை 27 நிமிடத்துக்குள் அடங்கும் வேலைகள்.

‘ம’ அதிகமாக வந்தால் உங்களுக்கு விதியின் துணை உண்டு. யுஜிசியின் 2022ஆம் ஆண்டு பிஎச்.டி. விதிகளில், டுட்டோரியல், லேப் வகுப்பு, மதிப்பீடு போன்ற பணிகளுக்கு ஆய்வாளருக்கு வாரம் 4 முதல் 6 மணி கொடுக்கலாம் என்றுதான் இருக்கிறது. உங்கள் நோட்டில் அது 14 என்று வந்தால், புகாராகச் சொல்லாமல் கணக்காகவே கொண்டுபோய்க் காட்டுங்கள். “சார், போன மாதம் இந்த வேலைகளுக்கு இத்தனை மணி போயிருக்கிறது, பேப்பர் டிராஃப்ட் இதனால் நிற்கிறது” என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்தால், பெரும்பாலான கைடுகள் கேட்பார்கள். அவர் கேட்காவிட்டால், செமஸ்டருக்கு ஒருமுறை நடக்கும் ஆய்வு ஆலோசனைக் குழுக் கூட்டத்தில் வேலைத் திட்டத்தோடு சேர்த்து வையுங்கள். கைடைச் சந்திக்க வாரத்தில் ஒரு நாள், ஒரு நேரம் என்று கேட்டு வாங்குவதும் முக்கியம். தினமும் மாலை காத்திருக்க வேண்டியிருக்காது.

60 மணி தேவைப்படும் வாரங்களும் வரும். சினாப்சிஸ் (ஆய்வுச் சுருக்கம்) கொடுக்கும் மாதம், வேறு ஊர்க் கருவியில் உங்களுக்கு ஸ்லாட் கிடைத்த வாரம், நள்ளிரவிலும் சாம்பிள் எடுக்க வேண்டிய பரிசோதனை. அப்போது தயங்காமல் உழையுங்கள், லேபில் தனியாக இல்லாமல் பார்த்துக்கொண்டு. அடுத்த வாரம் இரண்டு நாள் லீவு எடுங்கள். ஜேஆர்எஃப் ஆய்வு உதவித்தொகை வாங்குபவராக இருந்தால் பொது விடுமுறை போக ஆண்டுக்கு 30 நாள் விடுப்பு உங்களுக்கு உண்டு. அதைக் கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

நோட்டை வரும் திங்கட்கிழமையே தொடங்குங்கள். பஸ் நேரத்தையும் அதில் தனியாக எழுதுங்கள். அதை ஆராய்ச்சியோடு சேர்க்க வேண்டாம், ஆனால் தினமும் உங்களிடமிருந்து எவ்வளவு எடுத்துக்கொள்கிறது என்று தெரிந்தால், மாலை 5.30க்குக் கிளம்புவதற்கு அதுவே காரணமாக இருக்கும்.