சொந்த வீட்டு மரத்தை வெட்ட அனுமதி வேண்டுமா? வேறு மரம் நட விதி உண்டா?

கேள்வி: வீட்டுத் தோட்டத்தில் நிற்கும் பெரிய மரத்தை எடுத்துவிட்டு வேறு மரம் நடலாம் என்று இருக்கிறேன். நிலம் என் பெயரில்தான் இருக்கிறது. யாரிடமாவது அனுமதி வாங்க வேண்டுமா?

பல ஊர்களில் வாங்கித்தான் ஆக வேண்டும். பத்திரம் உங்கள் பெயரில் இருந்தால் மரமும் உங்களுடையதுதான், ஆனால் அதை வெட்டலாமா என்று முடிவு செய்யும் அதிகாரம் உள்ளாட்சியின் கையில் இருக்கலாம். வீடுகளுக்கு வரைபடம் போட்டுத் தருவது என் தொழில். மரம் குறுக்கே வரும்போது இதே கேள்வி என்னிடமும் வரும், அதுவும் பெரும்பாலும் மரம் அறுப்பவருக்கு முன்பணம் கொடுத்த பிறகு.

முதலில் டேப்பை எடுத்துக்கொண்டு மரத்தடிக்குப் போங்கள். பெரும்பாலான விதிகள் தண்டின் பருமனைத்தான் முதலில் கேட்கும். எவ்வளவு பருமன், எந்த உயரத்தில் அளப்பது என்பதெல்லாம் ஊருக்கு ஊர் மாறும். டொரண்டோவில் தரையிலிருந்து 1.4 மீட்டர் உயரத்தில் விட்டம் 30 செ.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தால் அனுமதி வேண்டும். சிங்கப்பூரில் வீடு மரப் பாதுகாப்புப் பகுதிக்குள் இருந்தால், அரை மீட்டர் உயரத்தில் சுற்றளவு 1 மீட்டரைத் தாண்டிய மரத்துக்கு அனுமதி கேட்க வேண்டும். டெல்லியின் 1994ஆம் ஆண்டு மரப் பாதுகாப்புச் சட்டம் இன்னும் கறாரானது. 30 செ.மீ. உயரத்தில் தண்டின் விட்டம் 5 செ.மீ., மொத்த உயரம் 1 மீட்டர் இருந்தாலே அது மரக்கணக்கில் வந்துவிடும். செடிதானே என்று நாம் அரிவாளைப் போடுவதுகூட அங்கே வழக்காகலாம்.

இங்கே ஒரு குழப்பம் வழக்கமாக நடக்கும். டேப் காட்டுவது சுற்றளவு, விதி பேசுவது பல இடங்களில் விட்டம். சுற்றளவை 3.14ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். 95 செ.மீ. சுற்றளவு வந்தால் விட்டம் 30 செ.மீ.யைத் தாண்டிவிட்டது என்று பொருள். படர்ந்திருக்கும் கொடியை விலக்கிவிட்டு, டேப் சாயாமல் தண்டோடு ஒட்டிச் சுற்ற வேண்டும். அடியிலேயே இரண்டு மூன்றாகப் பிரிந்த மரத்தில் எல்லாத் தண்டுகளையும் கூட்டுவதா, சரிவான நிலத்தில் உயரத்தை மேட்டுப் பக்கமிருந்து எடுப்பதா என்பதை விதியிலேயே பாருங்கள், ஊகிக்காதீர்கள். டேப்பில் உள்ள எண் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ எடுத்து வையுங்கள்.

அளவு மட்டுமே போதாது. இங்கிலாந்தில் ஒரு தனி மரத்தின் மீதே பாதுகாப்பு ஆணை போட உள்ளாட்சிக்கு அதிகாரம் உண்டு. அந்த ஆணை இருந்தால், மரம் ஒல்லியாக இருந்தாலும் அனுமதியில்லாமல் தொட முடியாது. ஆணை இல்லாவிட்டாலும், பாரம்பரியத்துக்காகப் பாதுகாக்கப்பட்ட பகுதியில் வீடு இருந்தால், 1.5 மீட்டர் உயரத்தில் விட்டம் 7.5 செ.மீ.யைத் தாண்டிய மரத்துக்கு 6 வாரம் முன்பே எழுதித் தெரிவிக்க வேண்டும். மர வகையும் கணக்கில் வரும். கர்நாடகத்தின் 1976ஆம் ஆண்டுச் சட்டம் தென்னை, சவுக்கு, தைலமரம் போன்றவற்றுக்கு விலக்கு தருகிறது. சந்தனம் நேர் எதிர். உங்கள் நிலத்தில் தானாக முளைத்திருந்தாலும் உங்கள் இஷ்டத்துக்கு வெட்ட முடியாது.

வெட்டுவது என்றால் அடியோடு அறுப்பது மட்டும்தான் என்று நினைத்து மாட்டிக்கொள்பவர்கள் அதிகம். உச்சியை மொட்டையடிப்பது, பட்டையை வளையமாக உரிப்பது, வேரில் அமிலம் ஊற்றுவது எல்லாமே பல ஊர்களில் அதே குற்றம்தான். கட்டட வேலையில் நான் அதிகம் பார்ப்பது வேரை அறுப்பது. சுற்றுச்சுவருக்கு அஸ்திவாரக் குழி தோண்டும்போது நடுவில் கனமான வேர் வரும். மேஸ்திரி கேட்காமலேயே கோடரியால் இரண்டு போடு போட்டு மேலே போய்விடுவார். வேர்களில் பெரும்பங்கு மேல்மண்ணில், ஏறக்குறைய 60 செ.மீ. ஆழத்துக்குள் இருக்கும், கிளைகளின் நிழல் விழும் இடத்தையும் தாண்டிப் பரவும். அப்படி அறுபட்ட மரம் உடனே சாகாது. இரண்டு மூன்று பருவம் கழித்து ஒரு பக்கமாகக் காயும், இல்லையென்றால் காற்றில் சாயும். அதனால் வரைபடத்தில் மரத்தைப் புள்ளியாகக் குறிக்காமல், கிளை விரிவையும் வட்டமாகப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

மரம் எல்லைக்கோட்டில் நின்றால் அலுவலகத்துக்கு முன் பக்கத்து வீட்டுக்குப் போங்கள். கனடாவின் ஒன்டாரியோவில், எல்லையில் தண்டு நிற்கும் மரம் இரு வீட்டாருக்கும் பொதுச் சொத்து என்று சட்டமே சொல்கிறது; ஒருவர் சம்மதமில்லாமல் மற்றவர் வெட்டினால் குற்றம்.

பட்டுப்போன மரத்துக்கும் விழப்போகும் மரத்துக்கும் பெரும்பாலும் விலக்கு உண்டு. ஆனால் மரம் ஆபத்தாக இருந்தது என்பதைப் பின்னால் நீங்கள்தான் காட்ட வேண்டியிருக்கும். அவசரமாக எடுக்க நேர்ந்தால் பொந்து, வெடிப்பு, தூக்கிக்கொண்ட வேர் ஆகியவற்றைப் பல கோணத்தில் படம் எடுங்கள். அடிக்கட்டையை உடனே பிடுங்கிவிடாதீர்கள், ஆய்வாளர் வந்தால் பார்க்க அதுதான் மிச்சம்.

விண்ணப்பம் என்று வந்தால் காரணம்தான் முக்கியம். இலை கொட்டுகிறது, பூச்சி வருகிறது, வெளிச்சம் மறைக்கிறது என்று எழுதினால் பெரும்பாலும் கிளையைக் கழிக்கச் சொல்லித் திருப்பி அனுப்புவார்கள். என்னைக் கேட்டால் அது நியாயம்தான். பாதி விண்ணப்பங்களுக்கு நல்ல கவாத்தே போதும். அஸ்திவாரத்தில் விரிசல் என்றால் பொறியாளரின் அறிக்கையை இணையுங்கள், மரத்துக்கு நோய் என்றால் மர வல்லுநரின் அறிக்கை. களிமண் நிலமாக இருந்தால் இன்னொன்றையும் பொறியாளரிடம் கேளுங்கள். மரம் உறிஞ்சிய ஈரம் மண்ணுக்குத் திரும்பும்போது மண் உப்பி, வீட்டையே தூக்கிவிடக்கூடும். விரிசலைச் சரிசெய்யப் போய்ப் புது விரிசல் வாங்கிக்கொள்ள வேண்டாம். முடிவு வரவும் நாளாகும். டெல்லிச் சட்டம் அதிகாரிக்கு 60 நாள் தருகிறது. பறவைகள் கூடு கட்டும் காலத்தையும் பாருங்கள். பிரிட்டனில் 1981ஆம் ஆண்டுச் சட்டப்படி, பயன்பாட்டில் உள்ள கூட்டை வேண்டுமென்றே கலைப்பது குற்றம். கையில் அனுமதி இருந்தாலும் அது பொருந்தும்.

“நாங்க பார்த்துக்கிறோம் சார், இதெல்லாம் யாரும் கேக்க மாட்டாங்க” என்று மரம் அறுப்பவர் சொல்வார். கேட்டால் நோட்டீஸ் வருவது உங்கள் முகவரிக்கு. அனுமதியின் நகலைப் பார்க்காமல் வாளை எடுக்காத ஆளாகப் பார்த்துப் பேசுங்கள்.

புதிய மரம் நடும் விஷயத்தில் விதிகள் குறைவு, ஆனால் உண்டு. மேலே மின்கம்பி, கீழே சாக்கடைக் குழாய், தெருமுனையில் வண்டியோட்டிகளின் பார்வை ஆகியவற்றுக்கு இடைவெளி கேட்பார்கள். சில மரங்களை நடவே கூடாது: குஜராத் 2023இல் கோனோகார்பஸுக்குத் தடை போட்டது, அமெரிக்காவின் ஒஹையோவில் அதே ஆண்டு முதல் காலரி பேரிக்காய் மரம் விற்கக் கூடாது. நாற்றின் அளவைப் பார்த்துக் குழி தோண்டாதீர்கள், வளர்ந்த மரத்தின் விரிவைக் கேட்டு, சுவரிலிருந்து தள்ளி நடுங்கள். இன்று தொட்டியில் வாங்கும் கன்று நாளை அதே 30 செ.மீ.யைத் தொடும், அப்புறம் அதை அகற்றவும் நீங்கள் வரிசையில் நிற்க வேண்டும்.

வெட்டியதற்கு ஈடாக நடச் சொல்லியிருந்தால் வகை, எண்ணிக்கை, இடம் எல்லாம் அனுமதிக் கடிதத்திலேயே இருக்கும். அதை மாற்ற வேண்டுமென்றால் நடுவதற்கு முன் எழுதிக் கேளுங்கள். இங்கிலாந்தில் பாதுகாப்பு ஆணையில் இருந்த மரத்துக்குப் பதிலாக நட்ட கன்றுக்கு, அது விரல் தடிமனில் இருந்தாலும், முதல் நாளிலிருந்தே அதே ஆணை பொருந்தும். நாற்று வாங்கிய ரசீது, நட்ட அன்று எடுத்த படம் இரண்டையும் அனுமதிக் கடிதத்தோடு சேர்த்து வையுங்கள். வீட்டை விற்றால் வாங்குபவரிடம் அந்தக் கோப்பையும் கொடுத்துவிடுங்கள்.