சேர்ந்து வாங்கினால் மலிவா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஐரோப்பிய நாடுகள் ராணுவத்துக்குக் கொட்டும் பணத்தில் பெரும்பகுதி வீணாகிறது என்று படிக்கிறேன். ஆளுக்கொரு ஹெலிகாப்டர், ஆளுக்கொரு கப்பல் என்று வாங்காமல் எல்லாரும் சேர்ந்து ஒரே ஆர்டராகக் கொடுத்தால் என்ன? மொத்தமாக எடுத்தால் விலை குறையும் என்பது மளிகைக் கடைக்காரருக்கே தெரியுமே. அல்லது ஒரே ஐரோப்பிய ராணுவம்தான் வழியா?

ரா., கோவை

அன்புள்ள ரா.,

கூட்டாக வாங்கிப் பார்த்திருக்கிறார்கள். ஆர்டர் ஒன்றாக இருந்தது, பொருள் ஒன்றாக இல்லை. அங்கேதான் கணக்கு இடித்தது.

என்எச்90 ஹெலிகாப்டரை எடுத்துக்கொள்ளுங்கள். நார்வே, சுவீடன், பின்லாந்து மூன்றும் ஒரே திட்டத்தின் கீழ் 2001இல் இதற்கு ஆர்டர் கொடுத்தன. கூடவே வந்த டென்மார்க் வேறு ஹெலிகாப்டருக்குப் போய்விட்டது. சுவீடனுக்கு உள்ளறை உயரமாக வேண்டும். நார்வேக்கு நீர்மூழ்கி வேட்டைக்கும் கடலோரக் காவலுக்கும் வேண்டும். வாங்கிய நாடுகள் அத்தனையையும் சேர்த்தால் இருபதுக்கு மேற்பட்ட வகைகள், எஞ்சினிலேயே இரண்டு தினுசு. ஒவ்வொரு வகைக்கும் தனிச் சோதனை, தனிச் சான்று, தனிக் கையேடு. பல உதிரிபாகங்களை அடுத்த நாட்டிடம் கைமாற்றாக வாங்கி மாட்டவும் முடியாது. நார்வே ஆர்டர் செய்தது 14. 2022 ஜூனில் முழுத் தகுதியுடன் இருந்தவை 8. ஆண்டுக்கு 3,900 மணி நேரம் பறந்திருக்க வேண்டும், பறந்தது சராசரியாக 700தான். ஒப்பந்தத்தை ரத்து செய்து பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள். சுவீடனோ 2011லேயே அமெரிக்காவிடம் 15 பிளாக் ஹாக் ஹெலிகாப்டர்கள் வாங்கிவிட்டது.

இந்தத் துறையில் ஒரு வாய்க்கணக்கு உண்டு. கூட்டுத் திட்டத்தின் வடிவமைப்புச் செலவு, பங்காளி நாடுகளின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தின்படி ஏறும். நான்கு நாடுகள் சேர்ந்தால் செலவு இரட்டிப்பாகும், ஆளுக்குப் பாதி விழும். அப்போதும் லாபம்தான், ஆனால் நீங்கள் நினைக்கும் கால் பங்கு அல்ல. போட்ட பணத்துக்கு ஈடாக உள்ளூர்த் தொழிற்சாலைக்கு வேலை வேண்டும் என்று ஒவ்வொரு அரசும் பிடிக்கும் பிடிவாதத்துக்கு இந்தச் செலவு ஏற்றத்தில் பெரும்பங்கு.

உருப்படியாக நடப்பது பெல்ஜியம், நெதர்லாந்து கடற்படைகளில். 1996 முதல் நெதர்லாந்தின் டென் ஹெல்டர் துறைமுகத்தில் கூட்டுத் தலைமையகம். நெதர்லாந்து பயன்படுத்திய எம் வகைப் போர்க்கப்பல்கள் இரண்டை பெல்ஜியம் வாங்கிக்கொண்டது, ஆக இருவரிடமும் ஒரே வகைக் கப்பல். அவற்றின் பராமரிப்பும் பயிற்சியும் நெதர்லாந்தின் பொறுப்பு. கடல் கண்ணிவெடி அகற்றும் கப்பல்களுக்கு பெல்ஜியம் பொறுப்பு. ஒரு பட்டறை, ஒரு பள்ளி, ஒரு உதிரிபாகக் கிடங்கு மிச்சம். கப்பல் முப்பது ஆண்டு ஓடும். வாங்கும் விலையைவிட இந்த மிச்சத்தையே நான் பெரிதாக நினைக்கிறேன்.

புதிய கப்பல்களுக்கும் அதே முறை. கண்ணிவெடி அகற்றும் கப்பல்கள் ஆறும் ஆறுமாகப் பன்னிரண்டு. இருவருக்குமாக பெல்ஜியம் 2019இல் ஆர்டர் கொடுத்தது. நீர்மூழ்கி எதிர்ப்புக் கப்பல்களுக்கு 2023இல் கொடுத்த ஆர்டர் இரண்டும் இரண்டும். அதை நெதர்லாந்து பார்த்துக்கொள்கிறது. வாங்குபவர் ஒருவர், மற்றவர் அதே வடிவத்தை ஏற்கிறார். ஆனால் கப்பலைப் போருக்கு அனுப்புவதா என்பதை அந்தந்த நாடுதான் முடிவு செய்யும். ஒரே ராணுவம் இல்லாமலே இவ்வளவும் நடக்கிறது.

2025இல் ஐரோப்பிய ஒன்றியம் 15,000 கோடி யூரோ கடன் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. குறைந்தது இரண்டு நாடுகள் சேர்ந்து வாங்க வேண்டும் என்பது அதன் பொதுவிதி. தொடக்கத்தில் தனியாக வாங்கவும் கொஞ்ச காலம் விலக்கு கொடுத்தார்கள். அந்தப் பணத்தில் போடும் ஒப்பந்தம் எதுவானாலும், எத்தனை நாடுகள் கையெழுத்திட்டன என்று நான் பார்க்க மாட்டேன். கையெழுத்துக்குப் பிறகு ஒரு நாடு வடிவத்தில் மாற்றம் கேட்டால், அதனால் வரும் செலவும் தாமதமும் யார் தலையில் என்று எழுதியிருக்கிறதா, அந்தப் பக்கத்தைத்தான் முதலில் புரட்டுவேன்.