ரீஸ்டார்ட் செய்தால் 1024×768க்குத் திரும்பும் திரை

குன்னூர் கடைக் கம்ப்யூட்டரில் திரை அளவை (ரெசல்யூஷன்) 1920×1080 என்று வைத்தாலும் ரீஸ்டார்ட் ஆனதும் 1024×768க்கே போய்விடுகிறது என்றீர்களே, முதலில் மானிட்டரைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் அந்த விஜிஏ கேபிளைக் கழற்றிப் பாருங்கள். மானிட்டர் தன் அளவுகளைச் சொல்லும் இடிஐடி தகவல் அதில் தனிப் பின்கள் வழியாகத்தான் வருகிறது, அது வராவிட்டால் விண்டோஸ் சின்ன அளவையே எடுத்துக்கொள்ளும். ஊட்டியில் எங்கள் வீட்டிலும் இதே தொல்லைதான். ஆடி மாத ஈரத்தில் பின்களில் பச்சை பூத்திருந்தது, கேபிளை மாற்றியதும் சரியாகிவிட்டது. முடிந்தால் விஜிஏவுக்குப் பதில் எச்டிஎம்ஐ கேபிள் போடுங்கள். அப்புறம் விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் டிஸ்பிளே அடாப்டர்ஸைத் திறந்து பாருங்கள், 'மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்பிளே அடாப்டர்' என்று இருந்தால் சரியான கிராபிக்ஸ் டிரைவர் (திரைக்குப் படம் அனுப்பும் பாகத்தை இயக்கும் மென்பொருள்) ஓடவில்லை என்று அர்த்தம், தயாரிப்பாளர் தளத்திலிருந்து அதை இறக்கிப் போடுங்கள். கேபிளைத் தொடும் முன் கம்ப்யூட்டர், மானிட்டர் இரண்டையும் அணைத்துவிடுங்கள்.