இங்கிலாந்தின் மலைக் கிராமங்கள் வழியாகத் தனியாக ஓடலாமா? எந்தப் பாதையில் தொடங்குவது?

நீங்கள் கேட்டிருப்பது இரண்டு கேள்விகள். வேலைக்காக மான்செஸ்டர் வருகிறீர்கள், சென்னையில் கடற்கரை ஓரமாக 10 கிலோமீட்டர் ஓடிப் பழக்கம், இங்கே மலைக் கிராமங்கள் வழியாக ஓட எந்தப் பாதை நல்லது என்பது ஒன்று. நம் தோற்றத்தில் ஒருவர் பண்ணைகளுக்கு நடுவே தனியாக ஓடினால் யாராவது தடுப்பார்களா என்பது இன்னொன்று. ஏற்கெனவே பதில் எழுதிய சிலர், "எதற்கு வம்பு, வீட்டுப் பக்கத்துப் பூங்காவிலேயே ஓடுங்கள்" என்று சொல்லியிருக்கிறார்கள். அதைப் படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. நான் ஷெஃபீல்டில் இருக்கிறேன். நாற்பதைத் தாண்டிய பெண். பீக் டிஸ்ட்ரிக்ட் மலைகளில் பல வருடங்களாகத் தனியாகத்தான் ஓடுகிறேன். அதனால் இரண்டாவது கேள்வியிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

உங்களைத் தடுக்கும் உரிமை யாருக்கும் கிடையாது. இங்கே "பப்ளிக் ஃபுட்பாத்" என்று பதிவான பாதைகள் வயல் நடுவே போகும், பண்ணை முற்றத்துக்குள் போகும், சில இடங்களில் ஒருவர் வீட்டு ஜன்னலை ஒட்டியே போகும். நிலம் அவருடையது, ஆனால் அந்தப் பாதையில் காலால் கடந்து போகும் உரிமை எல்லோருக்கும் உண்டு. ஓடிப் போனாலும் அதே உரிமைதான். கம்பத்தில் மஞ்சள் அம்புக்குறி இருந்தால் ஃபுட்பாத். நீல அம்புக்குறி என்றால் பிரிடில்வே, அதில் குதிரையும் சைக்கிளும் வரும். இதற்கு மேல், 2000-ல் வந்த சட்டத்தின்படி மலை, மூர் (மரமில்லாத புதர் மேட்டுநிலம்) போன்ற திறந்த நிலங்களில் குறித்துக் காட்டிய இடங்களில் பாதையை விட்டு விலகியும் நடக்கலாம், ஓடலாம்.

இந்த உரிமை சும்மா வந்துவிடவில்லை. நீங்கள் ஓடப்போகும் இதே மலைத்தொகுதியில், கிண்டர் ஸ்கவுட் என்ற மேட்டில், 1932 ஏப்ரல் 24 அன்று சில நூறு தொழிலாளர்கள் தடையை மீறி ஏறினார்கள். அப்போது அந்த மூர்நிலம் முழுக்கப் பணக்காரர்களின் பறவை வேட்டைக்காக மூடி வைக்கப்பட்டிருந்தது. மான்செஸ்டர் பக்கத்து ஆலைகளிலும் பட்டறைகளிலும் வாரம் முழுக்கப் புகையில் கிடந்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் மலைக்காற்று வேண்டும் என்று கேட்டார்கள், அவ்வளவுதான். ஐந்து பேரை ஜெயிலுக்கு அனுப்பினார்கள். முன்னின்ற பென்னி ராத்மனுக்கு அப்போது 20 வயது, அவருக்கு நான்கு மாதம். 1951-ல் பீக் டிஸ்ட்ரிக்ட் பிரிட்டனின் முதல் தேசியப் பூங்கா ஆனதற்குப் பின்னால் இப்படிப்பட்ட மக்களின் பல வருட வற்புறுத்தல் இருக்கிறது. எனவே "நமக்கு எதற்கு வம்பு" என்று யாரும் சொல்லாதீர்கள். சாதாரண மனிதர்கள் வம்புக்குப் போனதால் திறந்த பாதைகள் இவை.

சரி, என்னை யாரும் தடுத்ததே இல்லையா? ஒருமுறை நடந்தது. அக்டோபர் மாதக் காலை, லேசான மூடுபனி. ஒரு பண்ணை முற்றத்துக்குள் பாதை நுழைகிறது. எனக்கு முன்னால் உள்ளூர்க்காரர்கள் இரண்டு பேர் ஓடிப் போனார்கள். கேட் அருகே நின்றிருந்தவர் அவர்களுக்குக் கை காட்டினார். நான் வந்ததும் குறுக்கே வந்து நின்று, "இது தனியார் இடம், எங்கே போகிறீர்கள்?" என்றார். நான் நின்றேன். வரைபடத்தை எடுத்துப் பிரித்து, முற்றத்தின் நடுவே போகும் பச்சைக் கோடுகளை விரலால் காட்டினேன். பிறகு அவருடைய கேட் கம்பத்திலேயே கொடி படர்ந்து பாதி மறைந்திருந்த மஞ்சள் அம்புக்குறியையும் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தார். "வழி தவறி வந்துவிட்டீர்கள் என்று நினைத்தேன்" என்றார். "இல்லை, எனக்கு வழி தெரியும்" என்றேன். கேட்டைத் திறந்து விட்டார். அவர் மனதில் என்ன இருந்தது என்று நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. ஆனால் முன்னால் போன இருவரிடம் அந்தக் கேள்வி கேட்கப்படவில்லை, எனக்கு அது வலித்தது. அதன் பிறகும் அதே பாதையில்தான் ஓடுகிறேன். இப்போது அவர் தலையசைக்கிறார், நானும் தலையசைக்கிறேன்.

இதை வைத்து நான் விவசாயிகளைக் குறை சொல்கிறேன் என்று யாராவது கிளம்புவார்கள் என்று தெரியும். அப்படி இல்லை. பெரும்பாலானவர்கள் அன்பாகத்தான் இருக்கிறார்கள், டிராக்டரை ஓரங்கட்டி வழி விட்டவர்கள் எத்தனையோ பேர். மலை ஓட்டத்தின் ஜாம்பவான் ஜாஸ் நெய்லரே லேக் டிஸ்ட்ரிக்டில் ஆடு வளர்த்தவர்தான். 1975-ல் 24 மணி நேரத்துக்குள் 72 சிகரங்கள் ஏறி இறங்கியவர். உரிமை இருப்பது போல நமக்குக் கடமையும் இருக்கிறது. கேட்டை எப்படி இருந்ததோ அப்படியே விட்டுப் போக வேண்டும். வசந்த காலத்தில் ஆடுகள் குட்டி போடும், அந்த வயல்களில் சத்தமில்லாமல் நடந்து கடக்க வேண்டும். கன்றோடு நிற்கும் பசுக்கள் இருந்தால் ஓடவே கூடாது, நடுவே புகாமல் நன்றாகத் தள்ளிச் சுற்றிப் போங்கள். நம் ஊர்த் தெரு மாடுகளைப் பார்த்துப் பழகிய தைரியம் இங்கே உதவாது. பாதையை விட்டுச் சற்று விலகினாலும் பரவாயில்லை, உயிர் முக்கியம்.

இப்போது பாதை. மான்செஸ்டரிலிருந்து ஷெஃபீல்ட் போகும் ஹோப் வேலி ரயிலில் ஏறுங்கள். கவ்பர்ன் சுரங்கத்தைத் தாண்டியதும் ஈடேல் வரும், அங்கே இறங்காமல் ஹோப் வரை போய் இறங்குங்கள். ஹோப்பில் ஆரம்பித்து ஈடேலில் முடிப்பதுதான் என் யோசனை. ஓடி முடிக்கும்போது வீட்டுக்கு ஒரு மலை அளவு பக்கத்தில் வந்திருப்பீர்கள்.

ஹோப் கிராமத்தைத் தாண்டி வயல்கள் வழியாக லூஸ் ஹில் ஏறுங்கள். 476 மீட்டர் உயரம். முதல் பகுதி மென்மையாக ஏமாற்றும், கடைசிப் பகுதி தொடையைப் பிடிக்கும். மேலே போனதும் முதுகெலும்பு மாதிரி ஒரு நீண்ட மலைமுகடு மேற்கே போகும். இடது பக்கம் காசில்டன் கிராமமும் மேலே பாழடைந்த பெவரில் கோட்டையும், வலது பக்கம் ஈடேல் பள்ளத்தாக்கும் அதற்குப் பின்னால் கிண்டரின் கருத்த விளிம்பும். இரண்டு பக்கமும் பள்ளத்தாக்கு திறந்து கிடக்க நடுவில் கல் பாவிய பாதையில் ஓடுவது போன்ற சுகம் எனக்கு வேறு எங்கும் கிடைத்ததில்லை. பேக் டார் என்ற இடத்தில் இறக்கம் செங்குத்து, பாறை வழுக்கும், அங்கே கையை ஊன்றி இறங்குங்கள். ஹாலின்ஸ் கிராஸ் என்ற கணவாயைத் தாண்டி மறுபடி ஏறினால் மாம் டார், 517 மீட்டர். உச்சியைச் சுற்றி இரும்புக்கால மக்கள் கட்டிய கோட்டையின் மண்மேடு இன்றும் தெரியும். மலையின் ஒரு பக்கம் ஓயாமல் சரிந்துகொண்டே இருக்கிறது. கீழே போன பெரிய சாலையை அந்தச் சரிவு உடைத்து உடைத்து, 1979-ல் மூடியே விட்டார்கள். அங்கிருந்து ஹாலின்ஸ் கிராஸுக்குத் திரும்பி வந்து ஈடேலுக்கு இறங்கிவிடலாம்.

மொத்தம் 11 கிலோமீட்டர் சொச்சம். "நான் 10 ஓடுகிறவன், இது என்ன பெரிய விஷயம்" என்று நினைக்காதீர்கள். ஏற்றம் 400 மீட்டருக்கு மேல். நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேற்றக்காரர் 1892-ல் ஒரு கணக்குச் சொன்னார்: மூன்று மைலுக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 2,000 அடி ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். அதைத் திருப்பிப் பார்த்தால் 100 மீட்டர் ஏற்றம் சமதளத்தில் 800 மீட்டருக்குச் சமம். ஆக இது உங்களுக்கு 14, 15 கிலோமீட்டர் வேலை. வரைபடத்தில் தூரத்தைப் பார்க்கும் முன் உயரக் கோடுகளைப் பாருங்கள், அவை நெருங்கி நின்றால் அது செங்குத்து.

ஏற்றத்தில் நடங்கள். "நடந்தால் அது ஓட்டமா?" என்று ஊரில் என் பழைய ஓட்டக் குழு நண்பர்கள் கேட்பார்கள். இங்கே மலையில் பரிசு வாங்குகிறவர்களே செங்குத்தில் முழங்காலில் கையை ஊன்றி நடக்கிறார்கள். கிலோமீட்டருக்கு எத்தனை நிமிடம் என்ற எண்ணை மலையில் பார்க்கவே வேண்டாம்.

ஃபோனில் உள்ள ஓட்டச் செயலி தானாகப் போட்டுத் தரும் பாதையை நம்பாதீர்கள். அது கிராமத்துச் சாலைகளைக் கோத்துக் கொடுக்கும். இரண்டு பக்கமும் கற்சுவர், நடைபாதை கிடையாது, பல சாலைகளில் மணிக்கு 60 மைல் வரை அனுமதி. அப்படி ஓட நேர்ந்தால் வலது பக்கமாக, எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி ஓடுங்கள். பிரிட்டனின் அரசு வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் 1:25,000 வரைபடம் வாங்குங்கள். இந்தப் பகுதிக்கு ஓஎல் 1 என்ற எண்ணுள்ள தாள். அதில் பச்சைச் சிறு கோடுகள் ஃபுட்பாத், நீளக் கோடுகள் பிரிடில்வே.

சேற்றுக்கு ஏற்ற, அடியில் ஆழமான பற்கள் உள்ள ஷூ அவசியம். சேறு என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன், நீங்களும் வாடகை வீட்டுக்குத்தானே வருகிறீர்கள். நாங்கள் முன்பு இருந்த வீட்டைக் காலி செய்தபோது, வாசல் கார்பெட்டில் சேற்றுக் கறை என்று சொல்லி வாடகை ஏஜென்சி முன்பணத்தில் பெரிய தொகையைப் பிடித்துக்கொண்டது. நாங்கள் குடி வந்த நாளிலேயே இருந்த கறை அது! வந்த அன்று எடுத்த படங்களை வைத்துத் வாடகை முன்பணத் தகராறு தீர்க்கும் திட்டத்தில் முறையிட்டு, பல வாரம் கழித்துத்தான் பணம் வந்தது. புதிதாக வருகிறவர்களுக்கு இப்படி முறையிடலாம் என்று தெரியாது என்று நினைத்தே செய்கிறார்கள். சாவி வாங்கிய அன்றே ஒவ்வொரு அறையையும் படம் எடுத்து வையுங்கள்.

காற்று மழை தாங்கும் ஜாக்கெட், விசில், தலைவிளக்கு கோடையிலும் பையில் இருக்கட்டும். டிசம்பரில் நாலு மணிக்கே இருட்டிவிடும். விபத்து என்றால் 999 அழைத்து முதலில் போலீஸ், பிறகு மவுண்டன் ரெஸ்கியூ என்று கேளுங்கள். மூடுபனி இறங்கிய நாளில் கிண்டர் மேட்டுப் பக்கம் போக வேண்டாம், அது திக்கு தெரியாத கரிச்சேற்று நிலம்.

அப்புறம், இந்த வழியில் போகும் எல்லா ரயிலும் ஹோப்பில் நிற்காது. நிற்கிற வண்டியா என்று பார்த்து ஏறுங்கள், ஈடேலிலிருந்து திரும்பும் வண்டியின் நேரத்தையும் முதலிலேயே குறித்துக்கொள்ளுங்கள்.