அரை நொடித் தயக்கம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். கால்பந்து குறித்து நீங்கள் எழுதிவருவதைத் தொடர்ந்து வாசிக்கிறேன். பதினைந்து ஆண்டுகளாகச் செல்சி அணியின் ரசிகன் நான். 2015 டிசம்பரில் அணியின் பயிற்சியாளர் ஜோசே மொரின்யோ நீக்கப்பட்ட நாளை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை. ஏழு மாதங்களுக்கு முன் தங்களைப் பிரீமியர் லீக் சாம்பியன்களாக்கிய மனிதரை அந்த வீரர்கள் வேண்டுமென்றே கைவிட்டார்கள் என்றுதான் அன்றுமுதல் நம்பிவருகிறேன். அவர் போன இரண்டாம் நாளே சண்டர்லாந்தை 3-1 என்று வென்றார்களே, அதுவரை அந்தக் கால்கள் எங்கே போயிருந்தன? சுமார் ஓராண்டு கழித்து லெஸ்டர் அணியின் பயிற்சியாளர் கிளாடியோ ரனியேரிக்கும் இதுவே நடந்தது. கோடிக்கணக்கில் ஊதியம் பெறுபவர்கள் பயிற்சியாளரைப் பிடிக்கவில்லை என்பதற்காக ஆடாமல் இருப்பது துரோகம் இல்லையா? ஒருமுறை அணியின் நம்பிக்கையை இழந்த பயிற்சியாளர் அதைத் திரும்பப் பெறவே முடியாதா? உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

(தம் பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கோபம் உங்களுடையது மட்டும் அல்ல. நீங்கள் சொல்லும் சண்டர்லாந்து ஆட்டத்தில் சொந்த மைதானத்து ரசிகர்களே செல்சி வீரர்களான தியேகோ கோஸ்டாவையும் செஸ்க் ஃபாப்ரகாஸையும் கூச்சலிட்டு அவமதித்தார்கள். அந்த இருவரோடு சக வீரர் ஹசார்டையும் சேர்த்து மூன்று எலிகள் (ஆங்கில வழக்கில், துரோகிகள்) என்று எழுதிய பதாகையும் அரங்கில் தென்பட்டது. நீங்கள் பயன்படுத்திய சொல்லும் மொரின்யோ பயன்படுத்திய சொல்தான். டிசம்பர் 14 அன்று லெஸ்டரிடம் 2-1 என்று தோற்ற பிறகு, ஆட்டத்துக்காகத் தாம் செய்த முன்தயாரிப்புக்குத் துரோகம் இழைக்கப்பட்டதாக அவரே சொன்னார். மூன்று நாளில் அவர் வேலை போனது. ஆனாலும் அங்கே நடந்ததைத் துரோகம் என்று அழைக்க என்னால் முடியவில்லை. அதற்கான காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

வீரர்களின் நம்பிக்கை போய்விட்டால், பயிற்சியாளர் 'டிரெஸ்ஸிங் ரூமை இழந்துவிட்டார்' என்று இங்கிலாந்துப் பத்திரிகைகள் எழுதும். இந்தச் சொல்லாட்சி, மூடிய அறைக்குள் வீரர்கள் கூடிப்பேசி ஒரு முடிவெடுத்தார்கள் என்ற சித்திரத்தை நம் மனத்தில் ஏற்றிவிடுகிறது. நம்பிக்கை கரைவதை நான் பார்த்ததெல்லாம் புல்தரையில்தான். எதிரணியின் பின்கள வீரரிடம் பந்து இருக்கும்போது நம் முன்கள வீரர் அவரை நோக்கிப் பாய்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பாய்ச்சலுக்குப் பயன் கிடைக்க வேண்டுமானால் அவருக்குப் பின்னால் நிற்கும் நடுக்கள வீரர்களும், அவர்களுக்குப் பின்னால் நிற்கும் தடுப்பு வரிசையும் அதே கணத்தில் முன்னேறியாக வேண்டும். ஒருவர் அரை நொடி தயங்கினால் போதும், அவர் விட்ட இடைவெளி வழியாகப் பந்து கடந்துபோய்விடும். முதலில் ஓடியவர் வீணாக ஓடியவராகி நடுவழியில் நிற்பார். அடுத்த முறை அவரும் அரை நொடி தயங்குவார். அவர்களில் யாரும் தோற்க வேண்டும் என்று நினைத்திருக்க மாட்டார்கள். பயிற்சியாளர் சொன்னதை மற்ற பத்துப் பேரும் செய்வார்கள் என்ற உறுதி மட்டுமே அங்கே குறைந்திருக்கிறது. தொழில்முறைக் கால்பந்தில் அந்த அரை நொடியில் கோல் விழுந்துவிடும்.

இந்த உறுதி எப்படிக் குறைகிறது என்பதற்குச் செல்சியின் அந்தப் பருவத்தைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது. 2015 ஆகஸ்ட் 8 அன்று, பருவத்தின் முதல் ஆட்டம், ஸ்வான்சி அணிக்கு எதிராக. கோல்காப்பாளர் கூர்துவா சிவப்பு அட்டை பெற்று வெளியேறிவிட்டதால் செல்சியில் பத்துப் பேர்தான் இருந்தார்கள். ஆட்டம் 2-2 என்ற சமநிலையில் இருந்தது. கூடுதல் நேரத்தில் ஹசார்ட் அடிபட்டு விழ, நடுவர் அழைத்ததன்பேரில் மருத்துவர் ஈவா கார்னேரோவும் உடலியக்கச் சிகிச்சையாளரும் களத்துக்குள் ஓடினார்கள். களத்தில் சிகிச்சை பெற்ற வீரர் சிறிது நேரம் வெளியே நின்றாக வேண்டும் என்பது விதி. ஆகவே செல்சி ஒன்பது பேராகக் குறைந்தது. ஆட்டம் முடிந்ததும் மொரின்யோ தம் மருத்துவக் குழுவை ஆட்டத்தைப் புரிந்துகொள்ளாதவர்கள் என்று ஊடகங்கள் முன்னிலையில் கண்டித்தார். கார்னேரோ அடுத்த மாதமே கிளப்பை விட்டு விலகினார். 2016 ஜூனில் அவர் தொடுத்த வழக்கு சமரசத்தில் முடிந்தபோது, அவர் விதிப்படியும் கடமைப்படியும்தான் நடந்துகொண்டார் என்று ஒப்புக்கொண்டு செல்சி மன்னிப்புக் கேட்டது. அடிபட்டுத் தரையில் கிடக்கும்போது தன்னை நோக்கி ஓடிவருபவர் மருத்துவர் ஒருவர்தான் என்பது ஒவ்வொரு வீரருக்கும் தெரியும். அவரையே ஒரு சமநிலைக்காகப் பொதுவெளியில் பலி கொடுக்கும் பயிற்சியாளர் நாளை என்னையும் கொடுப்பார் என்ற எண்ணம் எழுவதற்குக் கூட்டம் எதுவும் போட வேண்டியதில்லை.

இதில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வீரர்களைப் பொதுவெளியில் கண்டிப்பது மொரின்யோவுக்குப் புதிதல்ல. 2014-ல் சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியில் அத்லெதிகோ மாட்ரிடிடம் தோற்றபின், ஹசார்ட் அணிக்காகத் தன்னை முழுமையாக அர்ப்பணிக்கும் வகை வீரர் அல்லர் என்று அவர் வெளிப்படையாகவே சொன்னார். அடுத்த பருவத்தில் அதே ஹசார்ட் தொழில்முறை வீரர்கள் சங்கத்தின் ஆண்டின் சிறந்த வீரராகத் தேர்வானார். செல்சி லீகை வென்றது. வென்றுகொண்டிருக்கும் வரை பயிற்சியாளரின் கடுஞ்சொல், பலன் தரும் கண்டிப்பாக வீரர்களின் காதில் விழுகிறது. தோற்கத் தொடங்கியதும் அதே சொல், தன் தவறை நம் தலையில் ஏற்றுகிறார் என்பதாகக் கேட்கிறது. மொரின்யோ 2015-ல் மாறிவிடவில்லை என்பதே அவருடைய சிக்கல். 16 லீக் ஆட்டங்களில் ஒன்பது தோல்வி, 15 புள்ளி, 16-ஆம் இடம். வீரர்களுக்கும் பயிற்சியாளருக்கும் இடையே வெளிப்படையான பிணக்கு இருந்ததாகக் கிளப்பின் தொழில்நுட்ப இயக்குநரே அறிவித்தார்.

ஹசார்ட் வேண்டுமென்றே ஆடாமல் இருந்தார் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். அப்படியானால் மொரின்யோ போனதும் அவருடைய ஆட்டம் திரும்பியிருக்க வேண்டும். அவர் அந்தப் பருவத்தின் முதல் லீக் கோலை அடித்தது 2016 ஏப்ரல் 23 அன்று, போர்ன்மத்துக்கு எதிராக; அதற்குள் மொரின்யோ போய் நான்கு மாதங்கள் கடந்துவிட்டன. மொரின்யோ நீக்கப்பட்டபின் தாம் வருத்தம் தெரிவித்துச் செய்தி அனுப்பியதாகவும் ஹசார்ட் கூறியிருக்கிறார். உடலும் மனமும் ஒருசேரத் தளர்ந்துவிட்ட ஓர் இளைஞரைத்தான் இதில் நான் காண்கிறேன். சண்டர்லாந்தை வென்ற அந்தச் செல்சியும் முடிவில் பத்தாம் இடத்தோடு நின்றுவிட்டது.

லெஸ்டரின் கதை வேறு வகையானது. ரனியேரி யாரையும் அவமதித்தவர் அல்லர். அவரைப் பற்றி எழுதும்போது எனக்கு இன்றும் மனம் கனக்கிறது. 81 புள்ளிகளோடு 2016-ல் லீகை வென்ற அணியிலிருந்து அந்தக் கோடையில் நடுக்கள வீரர் காண்டே செல்சிக்குப் போனார். முந்தைய ஆண்டு லெஸ்டருக்கு எதிராக முன்னேறி வந்து முன்கள வீரர் வார்டிக்கு ஓட இடம் தந்த அணிகள் இப்போது பின்வாங்கி நின்றன. ரனியேரி விடை தேடினார். அமைப்பை மாற்றினார், மறுபடியும் மாற்றினார். வீரர்கள் தங்களை வெற்றிக்குக் கொண்டுசென்ற எளிய ஆட்டமுறையைக் கைவிட்டு, புரியாத ஒன்றை வாரந்தோறும் கற்கவேண்டியவர்களானார்கள். 2017 பிறந்தபின் ஆறு லீக் ஆட்டங்களில் லெஸ்டர் ஒரு கோல்கூட அடிக்கவில்லை. பிப்ரவரி 22 அன்று சாம்பியன்ஸ் லீகில் செவியாவிடம் 2-1 என்று தோற்று, மறுநாள் அவர் நீக்கப்பட்டார். கோப்பையை ஏந்தி ஒன்பது மாதங்கள்தான் ஆகியிருந்தன.

உதவியாளராக இருந்த கிரெய்க் ஷேக்ஸ்பியர் பொறுப்பேற்று, நான்கு நாளில் லிவர்பூலை 3-1 என்று வென்றார். அன்று களமிறங்கிய பதினொருவரில் பத்துப் பேர் முந்தைய ஆண்டு பட்டம் வென்ற வழக்கமான அணியினர். காண்டேயின் இடத்தில் மட்டும் இன்டிடி. ஆட்டமுறையும் பழைய 4-4-2 (தடுப்பில் நால்வர், நடுக்களத்தில் நால்வர், முன்களத்தில் இருவர்). வார்டி இரண்டு கோல் அடித்தார். ரனியேரி நீக்கப்பட அவரும் காரணம் என்று நாடே அவர்மீது பாய்ந்தது. தமக்கும் குடும்பத்துக்கும் கொலை மிரட்டல்கள் வந்ததாக அவர் பிறகு சொன்னார். அன்று லெஸ்டர் வீரர்கள் ஓடிய ஓட்டத்தை நீங்கள் மறைக்கப்பட்டிருந்த உழைப்பின் சான்றாகப் பார்க்கிறீர்கள். எங்கே ஓட வேண்டும், பந்து எங்கே வரும் என்ற ஐயம் தீர்ந்தவர்களின் ஓட்டமாகவே எனக்கு அது தெரிகிறது.

புதிய பயிற்சியாளர் வந்ததும் வரும் வெற்றியைச் சான்றாகக் கொள்வதில் வேறொரு பிழையும் இருக்கிறது. பயிற்சியாளர்கள் நீக்கப்படுவது பெரும்பாலும் மிக மோசமான தொடர்தோல்விக்குப் பிறகுதான். அந்த ஆழத்திலிருந்து அணி எப்படியும் ஓரளவு மேலெழும். 1986 முதல் 2004 வரையிலான நெதர்லாந்து லீகின் ஆட்டங்களை ஆராய்ந்த பொருளியலாளர் ஒருவர், அதே அளவு சரிந்தும் பயிற்சியாளரை மாற்றாத அணிகளும் ஏறக்குறைய அதே அளவு மீண்டதைக் கண்டறிந்தார். 2024-ல் மறைந்த ஷேக்ஸ்பியருக்கு நேர்ந்ததையும் நினைத்துப்பாருங்கள். முதல் ஐந்து லீக் ஆட்டங்களையும் வென்ற அவரை, நிரந்தரப் பொறுப்பு அளித்த நான்கே மாதங்களில், 2017 அக்டோபரில் லெஸ்டர் வெளியேற்றியது.

வீரர்கள் உண்மையாகவே மறுத்தெழுந்த நிகழ்வும் உண்டு. 2010 உலகக் கோப்பையில் தென்னாப்பிரிக்காவின் நைஸ்னா நகரில் பிரான்ஸ் அணி செய்தது அது. மெக்சிகோவுடனான ஆட்டத்தின் இடைவேளையில் பயிற்சியாளர் ரேமோன் தொமெனெக்கைத் திட்டியதற்காக முன்கள வீரர் அனெல்கா திருப்பி அனுப்பப்பட, ஜூன் 20 அன்று மற்றவர்கள் பயிற்சியைப் புறக்கணித்துப் பேருந்தில் ஏறி அமர்ந்தார்கள். அவர்கள் எழுதிய அறிக்கையைச் செய்தியாளர்களுக்கு வாசித்துக் காட்டியவர் தொமெனெக்கேதான். நான்கு ஆண்டுகளுக்கு முன் இதே பயிற்சியாளரின் கீழ் இறுதியாட்டம் வரை போன நாடு, ஒரே ஒரு புள்ளியுடன் முதல் சுற்றிலேயே வீடு திரும்பியது. வேலைநிறுத்தம் என்றால் இப்படித்தான் உலகறிய நடக்கும். செல்சியிலும் லெஸ்டரிலும் பேருந்துக்குள் போய் அமர்ந்தவர்கள் யாரும் இல்லை.

இழந்ததைத் திரும்பப் பெற முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். அதே அணியில் அது மிக அரிது. நிர்வாகம் பயிற்சியாளரின் பக்கம் அசையாமல் நின்றால் மட்டும் சில நேரம் நடக்கிறது. ஆர்செனலில் மிக்கேல் ஆர்தெத்தா 2020 டிசம்பரில் 15-ஆம் இடத்தில் தவித்தார். அடுத்த பருவத்தின் முதல் மூன்று ஆட்டங்களையும் ஒரு கோல்கூட அடிக்காமல் தோற்றார். 2021 டிசம்பரில் ஒழுங்குமீறலுக்காக முன்கள வீரர் ஒபமேயாங்கிடமிருந்து அணித்தலைவர் பொறுப்பு பறிக்கப்பட்டபோதும் கிளப் ஆர்தெத்தாவுடன் நின்றது, வெளியேறியவர் ஒபமேயாங். பயிற்சியாளர் அடுத்த மாதமும் இருப்பார் என்று தெரிந்த அணியில், அவர் சொல்வதற்காக ஓடுவது வீண் அல்ல என்பது எல்லோருக்கும் தெரியும். பயிற்சியாளருக்கு எங்கள் முழு ஆதரவு உண்டு என்று ஓர் அறிக்கையை வெளியிட்டுவிட்டு, மறுபுறம் மாற்று ஆளைத் தேடும் நிர்வாகங்கள் இந்த உறுதியைத்தான் முதலில் உடைக்கின்றன. நம்பிக்கை இழப்பைப் பற்றிப் பேசும்போது நாம் இயக்குநர்களைக் கேள்வி கேட்காமல் விட்டுவிடுகிறோம் என்பது எனக்குள்ள ஆற்றாமை.

வேறோர் அணியில் அதைப் பெற முடியும் என்பதற்கு இங்கிலாந்துப் பயிற்சியாளர் பிரையன் கிளஃபைச் சொல்வேன். 1974-ல் சாம்பியன்களான லீட்ஸ் அணிக்கு மேலாளராக வந்தவர், நீங்கள் வென்ற பதக்கங்களைக் குப்பையில் போடுங்கள், அவற்றை ஏமாற்றி வென்றீர்கள் என்று முதல் சந்திப்பிலேயே வீரர்களிடம் சொன்னதாக அவர்கள் பின்னாளில் நினைவுகூர்ந்தார்கள். ஆறு லீக் ஆட்டங்களில் ஒரே வெற்றி. 44 நாளில் அவர் வெளியேற்றப்பட்டார். அந்தக் குறுகிய காலத்தில், முன்பு டெர்பி அணியில் தமக்குக் கீழ் ஆடிய ஜான் மெக்கவர்ன் என்ற நடுக்கள வீரரை அவர் லீட்ஸுக்கு அழைத்து வந்திருந்தார். 1975-ல் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட்டுக்குப் போன கிளஃப், அடுத்த மாதமே மெக்கவர்னையும் அங்கே வரவழைத்துக்கொண்டார். 1979-ல் மியூனிக்கிலும் 1980-ல் மாட்ரிடிலும் ஐரோப்பியக் கோப்பையைத் தூக்கிப்பிடித்த ஃபாரஸ்ட்டின் அணித்தலைவர் அந்த மெக்கவர்ன்தான்.

அன்புடன்.