டென்னசியின் துப்பாக்கிகள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

டெக்சஸ் மாநிலம் ஆஸ்டினில் மென்பொருள் வேலையில் இருக்கிறேன். 2025 ஜூனில் லாஸ் ஏஞ்சலிஸில் குடிவரவுச் சோதனைகளை எதிர்த்துப் போராட்டம் நடந்தபோது, கலிபோர்னியா ஆளுநர் வேண்டாம் என்று சொல்லியும் வாஷிங்டனில் இருக்கும் கூட்டாட்சி அரசு தேசியக் காவல்படையையும் மரைன் படையினரையும் இறக்கியது. அடுத்து அதிபர் ட்ரம்ப்பை எதிர்த்து நாடெங்கும் 'மன்னர்கள் வேண்டாம்' பேரணிகள். என் அலுவலக நண்பர்கள் அட்டை எழுதிக்கொண்டு போனார்கள். பக்கத்து வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற ராணுவத்தினர், நல்ல மனிதர். அவர் சிரித்தார். "அட்டையைப் பார்த்து எந்த அரசு பயந்திருக்கிறது? துப்பாக்கி வைத்திருக்கும் உரிமையைக் கொடுக்கும் அரசியலமைப்பின் இரண்டாவது திருத்தம் எதற்காக இருக்கிறது? 1946ல் டென்னசியில் ஏதென்ஸ் என்ற ஊரில் நடந்ததைப் படித்துப் பார்" என்றார். படித்து அசந்துவிட்டேன். காந்தி நாட்டிலிருந்து வந்தவன் என்பதால் அகிம்சையை வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்துக்கொண்டிருக்கிறேனோ என்று சந்தேகம். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? விசாவில் இருக்கும் என் போன்றவர்கள் பேரணிக்குப் போகலாமா?

க.,
ஆஸ்டின்

அன்புள்ள க.,

உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் கதை விடவில்லை. ஏதென்ஸ் நடந்ததுதான். நம்மூர் அகிம்சைக்காரர்கள் அதைக் கேள்விப்பட்டதே இல்லை என்பது வேறு விஷயம்.

ஏதென்ஸ் இருக்கும் மக்மின் கவுண்டியை, நம்மூர் மாவட்டம் மாதிரி, பால் கான்ட்ரெல் என்பவரின் அரசியல் கோஷ்டி பத்தாண்டுகள் கையில் வைத்திருந்தது. ஷெரிஃப் என்பவர் தேர்தலில் ஜெயித்து வரும் கவுண்டி போலீஸ் தலைவர். அவர் ஆட்களுக்கு வருமானம் ஆள் பிடிப்பதில்தான். தலைக்கு இவ்வளவு என்று கட்டணம். ஊர் வழியாகப் போகும் பேருந்தை நிறுத்தி, தூங்கிக்கொண்டிருக்கும் பயணிகளைக் குடித்திருந்தார்கள் என்று இழுத்துப் போய் அபராதம் போடுவார்கள். தேர்தல் மோசடி பற்றி வாஷிங்டனுக்குப் புகார்கள் போயின, ஒன்றும் ஆகவில்லை. போரிலிருந்து திரும்பிய இளைஞர்கள் தங்கள் வேட்பாளர்களை நிறுத்தினார்கள். 1946 ஆகஸ்ட் 1, வாக்குப்பதிவு நாள். ஓட்டுப் போட வந்த டாம் கில்லெஸ்பி என்ற வயதான கறுப்பின விவசாயியை ஒரு காவலர் சுட்டார். மாலையில் வாக்குப்பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு போய் சிறைக் கட்டடத்துக்குள் வைத்துப் பூட்டிக்கொண்டார்கள். பையன்கள் தேசியக் காவல்படையின் ஆயுதக் கிடங்கைத் திறந்து துப்பாக்கிகளை எடுத்து வந்து சிறையைச் சுற்றி வளைத்தார்கள். நள்ளிரவு தாண்டி டைனமைட் வீசியதும் உள்ளே இருந்தவர்கள் கையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். பெட்டிகள் எண்ணப்பட்டன, இளைஞர்கள் ஜெயித்தார்கள். ஒரு உயிர்கூடப் போகவில்லை. யாருக்குத்தான் பிடிக்காது?

சரி, அதே டென்னசியில், அதே 1946ல், அதற்கு ஐந்து மாதம் முன்னால் கொலம்பியா என்ற ஊரில் நடந்ததை அவர் உங்களிடம் சொன்னாரா?

பிப்ரவரி 25. பழுதுபார்க்கக் கொடுத்த ரேடியோ விஷயமாக ஒரு கறுப்பினப் பெண்ணுக்கும் கடைக்காரர்களுக்கும் தகராறு. கூட வந்த மகன் கடற்படையிலிருந்து திரும்பியவன். கைகலப்பில் கடை ஊழியன் ஒருவன் கண்ணாடி ஜன்னலை உடைத்துக்கொண்டு விழுந்தான். மாலையில் நீதிமன்றத்துக்கு எதிரே வெள்ளையர் கூட்டம் சேர்ந்தது. கூட்டம் எதற்குச் சேர்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். அந்த ஊர் கும்பல் கொலைகளைப் பார்த்த ஊர். கறுப்பர்களின் கடைத்தெரு விளக்குகளை அணைத்துவிட்டு, துப்பாக்கிகளோடு இருட்டில் உட்கார்ந்தது. அவர்களிலும் பலர் போருக்குப் போய்வந்தவர்கள்தான். உள்ளே நுழைந்த போலீஸாரில் நான்கு பேருக்குக் குண்டடி பட்டது. விடிந்ததும் மாநிலக் காவல்துறை வந்து அந்தத் தெருவையே உடைத்துப் போட்டது. நூறு பேருக்கு மேல் கைது. சில நாளில் இரண்டு கைதிகள் காவலில் இருக்கும்போதே சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஏதென்ஸ் வெள்ளைக்காரப் பையன்களுக்குக் கிடைத்தது வெற்றி விழா. இவர்களுக்குக் கிடைத்தது கொலை முயற்சி வழக்கு.

ஒன்றை மறைக்கக்கூடாது. அன்றிரவு கொலம்பியாவில் கும்பல் கொலை நடக்கவில்லை. அந்தத் துப்பாக்கிகளுக்கு அதில் பங்கு இருக்கிறது என்றே நினைக்கிறேன். வாசலைக் காப்பது ஒன்று, அரசைத் திருத்துவது வேறு. மார்ட்டின் லூதர் கிங்கே 1956ல் வீட்டில் குண்டு வீசப்பட்ட பிறகு துப்பாக்கி உரிமம் கேட்டு விண்ணப்பித்தார். கொடுக்கவில்லை. கறுப்பர் கையில் துப்பாக்கி என்றால் இரண்டாவது திருத்தம் அங்கே பல சமயம் காணாமல் போய்விடும்.

கொலம்பியா வழக்கை நடத்தியவர்களில் முக்கியமானவர்கள் மூன்று பேர். பின்னாளில் உச்ச நீதிமன்ற நீதிபதியான தர்குட் மார்ஷல், நாஷ்வில் வழக்கறிஞர் அலெக்சாண்டர் லூபி, வெள்ளையரான மாரிஸ் வீவர். முழுக்க வெள்ளையர் கொண்ட ஜூரி, இருபத்தைந்து பேரில் இருபத்து மூன்று பேரை விடுதலை செய்தது. நவம்பரில் கடைசி விசாரணை முடிந்து திரும்பும்போது போலீஸ் காரை மறித்து, குடித்துவிட்டு ஓட்டினார் என்று மார்ஷலை மட்டும் தங்கள் வண்டியில் ஏற்றி ஆற்றுப் பக்கமாக ஓட்டிப் போனார்கள். மற்றவர்களைப் பேசாமல் நாஷ்வில் போகச் சொன்னார்கள். லூபி போகவில்லை. பின்னாலேயே போனார். வேறு வழியில்லாமல் வண்டியை ஊருக்குத் திருப்பினார்கள். நீதிபதி மார்ஷலின் வாயை முகர்ந்து பார்த்து, இவர் குடிக்கவில்லை என்று அனுப்பிவிட்டார்.

இந்த லூபி மீண்டும் வருகிறார். 1960, நாஷ்வில். ஜேம்ஸ் லாசன் என்ற இளம் பாதிரியார் கொரியப் போருக்குப் போக மறுத்துச் சிறை சென்றவர், பிறகு நாக்பூரில் சில ஆண்டுகள் இருந்து காந்தியின் வழியைப் படித்தவர். தேவாலயத்தில் மாணவர்களை உட்கார வைத்துப் பழக்கினார். ஒருவன் வெள்ளை ரௌடியாக நடிப்பான். கெட்ட வார்த்தை சொல்வான், முகத்தில் புகை விடுவான், நாற்காலியிலிருந்து தள்ளுவான். உட்கார்ந்திருப்பவன் அசையக்கூடாது. இதை உபதேசம் என்று நினைத்தால் தப்பு. முழுக்கப் பயிற்சி. பிப்ரவரி 27 அன்று, கறுப்பர்களுக்குச் சாப்பாடு போடாத கடைகளின் உணவு மேடைகளில் உட்கார்ந்தவர்கள் மேல் நிஜமாகவே அடி விழுந்தது. போலீஸ் அடித்தவர்களை விட்டுவிட்டு அடிபட்டவர்களைப் பிடித்தது. ஒரு வரிசையை ஏற்றிக்கொண்டு போனதும் அடுத்த வரிசை வந்து உட்கார்ந்தது. அபராதம் கட்ட மாட்டோம், ஜெயிலுக்கே போகிறோம் என்றார்கள். அவர்களுக்காக வாதாடியவர் லூபி.

அப்புறம் ஈஸ்டர். புதுத்துணி வாங்கும் காலத்தில் கறுப்பர்கள் யாரும் டவுன் கடைகளில் கால் வைக்கவில்லை. கலவரத்துக்குப் பயந்து வெள்ளையர்களும் வரவில்லை. முதலாளிகளுக்கு வயிற்றைக் கலக்க ஆரம்பித்தது. ஏப்ரல் 19 விடியற்காலையில் லூபியின் வீட்டில் டைனமைட் வெடித்தது. அவரும் மனைவியும் தப்பினார்கள். அன்றே ஆயிரக்கணக்கானோர் கோஷம் எதுவும் போடாமல் நகர மன்றத்துக்கு நடந்தார்கள். படிக்கட்டில் நின்ற மேயர் பென் வெஸ்டிடம் டயான் நாஷ் என்ற மாணவி, நிறத்தை வைத்து ஒருவரை ஒதுக்குவது தவறா இல்லையா என்று நேராகக் கேட்டார். தவறுதான் என்று மேயர் ஒப்புக்கொண்டார். மே 10 அன்று டவுனின் ஆறு கடைகள் கறுப்பர்களுக்கும் சாப்பாடு போட்டன. மேயர் நல்லவர் என்பதால் மட்டும் நடந்ததில்லை இது. கடைக்காரர்களுக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது, மேயர் வாயிலிருந்து அது வந்தது.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஏதென்ஸ் ஏன் ஜெயித்தது? எதிரே இருந்தது ஒரு கவுண்டி ஷெரிஃப். மேலே இருந்த மாநிலமும் வாஷிங்டனும் கண்டுகொள்ளாமல் இருந்தன. வாஷிங்டனே நேரில் வந்தால் என்ன ஆகும் என்பதற்கு 1921 மேற்கு வர்ஜீனியா, பிளேர் மலை. தொழிற்சங்க உரிமைக்காகச் சுமார் பத்தாயிரம் சுரங்கத் தொழிலாளர்கள் துப்பாக்கியோடு ஷெரிஃபின் படையை எதிர்த்து நாள் கணக்கில் சண்டை போட்டார்கள். ராணுவம் வந்து இறங்கியதும் ஆயுதத்தை வைத்துவிட்டார்கள். பலர் அதே ராணுவத்தின் சீருடையில் முதல் உலகப் போரில் இருந்தவர்கள். மிஞ்சியது தேசத்துரோக வழக்குகள். சங்கம் சிதைந்தது. சங்க உரிமை 1930களில் சட்டமாகத்தான் வந்தது.

அமெரிக்காவில் அரசு என்பது ஒன்றல்ல. கவுண்டி, நகரம், மாநிலம், வாஷிங்டன், நீதிமன்றம், ஜூரி என்று ஒன்றை ஒன்று முறைத்துக்கொண்டே இருப்பவை. நாஷ்வில் மாணவர்கள் செய்தது அந்த விரிசலில் கை வைத்தது. துப்பாக்கி வெடித்த நிமிடம் இவை எல்லாம் பெரும்பாலும் ஒரே பக்கமாகச் சேர்ந்துகொள்கின்றன. 1993ல் டெக்சஸின் வேக்கோவில் ஆயுதம் வைத்திருந்த ஒரு மதக்குழுவை முற்றுகையிட்டபோது அரசு நடந்துகொண்ட விதம் பற்றி நியாயமான கேள்விகள் இருந்தன. அதற்குப் பழி என்று 1995ல் ஒக்லஹோமா சிட்டியில் வைத்த குண்டில் 168 பேர் செத்தார்கள், 19 பேர் குழந்தைகள். அடுத்த ஆண்டே வந்த பயங்கரவாத எதிர்ப்புச் சட்டம், தண்டிக்கப்பட்டவர்கள் கூட்டாட்சி நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடும் உரிமையைச் சுருக்கியது. அரசின் கையைக் கட்ட வைத்த குண்டு அரசுக்கு இன்னொரு கையைக் கொடுத்தது.

அட்டைக்கு அரசு பயப்படாது, அவர் சொன்னது சரி. அட்டையோடு பேரணி முடிந்துவிட்டால் அது ஞாயிற்றுக்கிழமை நடைப்பயிற்சிதான். லாஸ் ஏஞ்சலிஸ் விஷயத்தில் கலிபோர்னியா மாநிலமே வாஷிங்டன் மேல் வழக்குப் போட்டது. செப்டம்பரில் கூட்டாட்சி நீதிபதி ஒருவர் படையைப் பயன்படுத்திய விதம் சட்டவிரோதம் என்றார். மேல்முறையீட்டில் அந்த உத்தரவு நிறுத்திவைக்கப்பட்டது. இப்படித்தான் இழுக்கும். பொறுமை இல்லாதவர்களுக்கு இது எரிச்சலாக இருக்கும், எனக்கும் இருக்கிறது.

விசா பற்றி. பேச்சுரிமை குடிமகனல்லாதவருக்கும் உண்டு என்பது ஏட்டில் சரி. ஆனால் 2025 மார்ச்சில் நியூயார்க்கில் பாலஸ்தீன ஆதரவுப் போராட்டத்தில் முன்னால் நின்ற, கிரீன் கார்டு வைத்திருந்த ஒரு பல்கலைக்கழக மாணவரையே பிடித்து லூசியானாவில் மூன்று மாதத்துக்கு மேல் அடைத்துவைத்தார்கள். போங்கள் என்று இங்கே உட்கார்ந்துகொண்டு நான் சொல்ல மாட்டேன். நல்ல குடிவரவு வழக்கறிஞர் ஒருவரிடம் முதலில் பேசுங்கள். வழக்கு நடத்துபவர்களுக்குப் பணம் எப்போதும் போதாது, அந்த வழியையும் அவரிடமே கேட்டுவிடுங்கள். கொலம்பியா வழக்குக்கும் அந்த ஊரைப் பார்த்தே இராதவர்கள் நாடெங்கும் இருந்து அனுப்பிய பணம்தான் போனது.