ஆலந்தூர் மெட்ரோ: கீழே நீலம், மேலே பச்சை

சென்னை ஆலந்தூர் மெட்ரோ நிலையத்தின் வரலாறு என்ன, பயணிகளுக்கு அங்கே என்னென்ன வசதிகள் இருக்கின்றன என்று கேட்டிருக்கிறீர்கள். நான் நங்கநல்லூர்வாசி. வேலைக்குப் போக, வர, அம்மாவை வடபழனி கோயிலுக்கு அழைத்துப் போக என்று பல வருடங்களாக இந்த நிலையத்தில் ரயில் மாறி வருகிறேன். அந்த அனுபவத்தில் எழுதுகிறேன்.

சென்னை மெட்ரோவின் கதை தொடங்கிய இடங்களில் ஆலந்தூரும் ஒன்று. 2015 ஜூன் 29 அன்று முதல் சேவை கோயம்பேட்டுக்கும் ஆலந்தூருக்கும் நடுவேதான் ஓடியது. ஏறக்குறைய 10 கிலோமீட்டர், 7 நிலையங்கள், முழுத் தூரத்துக்கும் டிக்கெட் 40 ரூபாய். அன்றைய முதல்வர் ஜெயலலிதா காணொலி வழியாகத் தொடங்கி வைத்தார். முதல் ரயிலை ஓட்டியது ஒரு பெண். வேலைக்காக ஏறியவர்களைவிட, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சும்மா ஒரு சுற்று போய்வர வந்தவர்கள்தான் அப்போது அதிகம்.

அடுத்த வருடம் 2016 செப்டம்பர் 21 அன்று நீல வழித்தடத்தின் சின்னமலை – விமான நிலையம் பகுதி திறந்ததும்தான் ஆலந்தூர் உண்மையான சந்திப்பு நிலையமானது. அதே வருடம் அக்டோபர் 14 அன்று, கோயம்பேட்டிலிருந்து வரும் பச்சை வழித்தடம் ஒரு நிலையம் நீண்டு பரங்கிமலையைத் தொட்டது. ஆலந்தூர் அதற்கு முன் தனி நகராட்சி. 2011இல்தான் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. நகரத்தின் ஓரத்தில் இருந்த ஊர், ஐந்தே வருடத்தில் இரண்டு மெட்ரோ பாதைகள் கூடும் இடமாகிவிட்டது. 2020இல் அரசு இதற்கு 'அறிஞர் அண்ணா ஆலந்தூர் மெட்ரோ' என்று பெயர் சூட்டியது. பேச்சு வழக்கில் இன்றும் வெறும் ஆலந்தூர்தான்.

வசதிகள் என்று பார்த்தால் லிஃப்ட், எஸ்கலேட்டர், கழிப்பறை, குடிநீர், பார்வையற்றவர்களுக்குக் காலில் தட்டுப்படும் மஞ்சள் ஓடுகள், வண்டி நிறுத்துமிடம் எல்லாம் உண்டு. ஆனால் மற்ற மெட்ரோ நிலையங்களிலும் இவை இருக்கின்றன. ஆலந்தூரை எடைபோட வேண்டியது வேறு விஷயத்தில்: ஒரு ரயிலிலிருந்து இறங்கி அடுத்த ரயிலில் ஏறுவது எவ்வளவு சுலபம்?

இங்கே நடைமேடைகள் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு அடுக்கு. கீழ் அடுக்கில் நீல வழித்தடம், மேல் அடுக்கில் பச்சை. மாறுவதற்காக நிலையத்தை விட்டு வெளியே வரவோ, இன்னொரு டிக்கெட் எடுக்கவோ தேவையில்லை. அம்மாவுக்கு இரண்டு முழங்காலிலும் தேய்மானம். எஸ்கலேட்டரில் முதல் படி நகர்ந்து வருவதைப் பார்த்தாலே காலைப் பின்னுக்கு இழுத்துக்கொள்வார். அதனால் எங்களுக்கு எப்போதும் லிஃப்ட்தான். கதவு திறந்ததும் மேல் நடைமேடையில் காற்று அள்ளும். அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, முதல் வேலையாகப் பரங்கிமலை இருக்கும் பக்கம் பார்த்து ஒரு கும்பிடு போடுவார். மாதா கோயிலுக்கு ஒரு கும்பிடு, அப்புறம் வடபழனி முருகனுக்கு. முன்பெல்லாம் இதே பயணத்துக்குக் கத்திப்பாரா வரை ஷேர் ஆட்டோ, அங்கிருந்து நூறடி ரோட்டில் 70ஆம் நம்பர் பஸ். உட்கார இடம் கிடைக்காத நாளில் அம்மா கோயிலே வேண்டாம் என்று திரும்பியிருக்கிறார்.

புதிதாக வருகிறவர்கள் தடுமாறும் ஓர் இடம் உண்டு. விமான நிலையத்திலிருந்து கிளம்பும் எல்லா ரயிலும் ஒரே வழியில் போவதில்லை. சில ரயில்கள் நீலப் பாதையிலேயே அண்ணா சாலைக்கு அடியில் போய் விம்கோ நகர் சேரும். சில, கோயம்பேடு சுற்றி சென்ட்ரல் போகும். சென்ட்ரலுக்கு இரண்டு வழியிலும் போகலாம் என்றாலும், நீங்கள் நடுவில் இறங்க வேண்டிய இடம் எந்தப் பாதையில் இருக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு, அறிவிப்புப் பலகையில் சேருமிடத்தைப் பார்த்து ஏறுங்கள்.

தாம்பரம் பக்கமிருந்து மின்சார ரயிலில் வருகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஆலந்தூர் மெட்ரோவை ஒட்டி மின்சார ரயில் நிலையம் கிடையாது. வடபழனி, கோயம்பேடு போக வேண்டுமென்றால் பரங்கிமலையில் இறங்கிப் பச்சையைப் பிடியுங்கள். சைதாப்பேட்டை, தேனாம்பேட்டை என்றால் கிண்டியில் மாறி நீலத்தில் ஏறுவதே நல்லது. ஆலந்தூர் வரை வந்து சுற்ற வேண்டாம்.

டிக்கெட்டுக்கு வரிசையில் நிற்கத் தேவையில்லை. வாட்ஸ்அப்பிலேயே க்யூஆர் டிக்கெட் எடுக்கலாம், சிங்காரச் சென்னை பயண அட்டையும் செல்லும். 2021 பிப்ரவரியில் அதிகபட்சக் கட்டணத்தை 70 ரூபாயிலிருந்து 50 ஆகக் குறைத்தார்கள். என்னோடு வேலை பார்க்கும் இரண்டு பேர் பைக்கை வீட்டில் விட்டுவிட்டு மெட்ரோவுக்கு மாறியது அதன் பிறகுதான்.

ரயிலுக்கு முன்போ பின்போ நேரம் இருந்தால் பக்கத்திலேயே கத்திப்பாரா மேம்பாலத்துக்கு அடியில் மெட்ரோ நிறுவனம் அமைத்து 2021 கடைசியில் திறந்த நகர்ப்புறச் சதுக்கம் இருக்கிறது. சாப்பிடக் கடைகள், குழந்தைகள் விளையாட இடம், பஸ் நிறுத்தம் எல்லாம் அங்கே உண்டு.

இரண்டாம் கட்டத் திட்டத்தில் மாதவரம் – சோழிங்கநல்லூர் பாதையும் ஆலந்தூர் வழியாகத்தான் வருகிறது. அதற்கும் லிஃப்டிலேயே போய்விடலாமா என்று அம்மா இப்போதே கேட்டு வைத்திருக்கிறார். மடிப்பாக்கத்தில் என் தங்கை வீடு அந்தப் பாதையில்தான் இருக்கிறது.